சலவை செய்த குரல்

பக்கவாதம் வந்த பிறகு இசக்கிராஜன் தங்கமான மனிதராகிவிட்டார் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன பேச்சு, தீர்ப்பே ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு தெரு கூடித் தீர்ப்புச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

அதற்கு முன்னால் அவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தார். பகல் முழுக்க ஒலிபெருக்கியில் டிரைவர்களை விரட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் ஒலிபெருக்கி இல்லாத குறையைத் தொண்டையாலேயே ஈடுகட்டுவார். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தால், அந்தச் செய்தி அடுக்களையில் நிற்கும் மனைவி வடிவுக்கும் தெருமுனைப் பால் கடைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். 'சவத்து மூதி' என்பது மனைவிக்கு அவர் வைத்திருந்த பெயர்களில் அச்சேற்றத் தகுந்த ஒன்று. மற்றவற்றை அறிய விரும்புகிறவர்கள் அடுத்த வீட்டுப் பொன்ராணியைக் கேட்கலாம், வரிசை மாறாமல் சொல்லுவாள். கை நீட்டுகிற ஆள் இல்லை என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொள்வாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது வலது கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாடைக்குக் கீழே ஒரு வில்லை ஒட்டியிருக்கிறது. நெஞ்சில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி தொங்குகிறது. அவர் வாயிலிருந்து வருவது பாதி மூச்சு, பாதி முனகல். யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால் வில்லை அவருடைய நாக்கின் அசைவைப் பிடித்துப் பெட்டிக்குச் சொல்ல, பெட்டி அவருடைய பழைய குரலிலேயே, தொழிற்சங்கக் குழுவுக்கு அவர் அனுப்பித் தள்ளிய குரல்பதிவுகளிலிருந்து வடித்தெடுத்த அதே கனத்த குரலில், பளிச்சென்று பேசும்.

"வடிவு, சோறு நல்லா இருக்கு. நீ சாப்பிட்டியா?"

இதை முதல்முதலாகக் கேட்ட அன்று பொன்ராணி கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் உள்ளே வந்து, கறிவேப்பிலையை வாங்காமலேயே போனாள். அடுத்த நாள் மறுபடி வந்தாள்.

"எங்க வீட்டு ஆளுக்கும் இந்தப் பெட்டி கெடைக்குமா வடிவு? வாதம் வந்தாத்தான் குடுப்பாகளா, இல்ல முன்கூட்டியே மாட்டிக்கிடலாமா?"

"போக்கா, எதுல வெளயாடுதது."

"வெளயாட்டு இல்லட்டி. நீ சாப்பிட்டியான்னு இந்தத் தெருவுல எந்த ஆம்பள கேட்டிருக்கான், சொல்லு."

வடிவு சிரித்துவிட்டாள். நாற்காலியிலிருந்து முனகல் ஒன்று எழுந்தது. "பொன்ராணி, உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றது பெட்டி. இசக்கிராஜனின் இடது கை நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தது.

"அது ஒண்ணுமில்லக்கா, நரம்பு. அப்பப்ப அப்படித் துடிக்கும்" என்றாள் வடிவு. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது வடிவுதான். மறுவாழ்வு மையத்தில் இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற ரிஸ்வான் முதல் நாளே விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"பெட்டிக்கு அண்ணாச்சி பேச்சு தானாப் புரியாதுக்கா. அவங்க இப்ப பேசுறத எல்லாம் பதிவு பண்ணிக்கிடுவோம். பழகுன ஆளு ஒருத்தர் அதக் கேட்டு, இந்த எடத்துல இதச் சொல்ல வாறாங்கன்னு எழுதித் தரணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பெட்டி படிச்சுக்கிடும்."

"வெளியாள் எழுதலாமா?"

"எழுதலாம். வெளங்காத எடத்துல ஊகிச்சு எழுதிருவாங்க. பெட்டியும் ஊகத்தப் படிச்சுக்கிட்டு ஊகமாவே பேசும்."

"அப்ப நானே எழுதுதேன். எனக்குப் பொழப்பே அதானப்பா."

அது உண்மை. முருகன்குறிச்சியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த ஒலியெழுத்து அலுவலகத்தில் வடிவு பல வருடங்களாக வேலை பார்த்துவந்தாள். டாக்டர்கள் சொல்லிவைத்த குறிப்புகள், கம்பெனிக் கூட்டங்கள், விசாரணைகள் என்று வருகிற ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குகிற இடம். இப்போதெல்லாம் முதலில் எந்திரம் எழுதிவிடும். மனிதர்கள் கேட்டுத் திருத்துவார்கள். எந்திரத்தின் தவறைப் பிடிப்பது லேசில்லை. மனிதர்கள் காதில் சரியாக விழாவிட்டால் எழுத்தில் தடுமாறுவார்கள், அது கண்ணில் படும். எந்திரம் தடுமாறாது. அந்த இடத்தில் வழக்கமாக என்ன வருமோ அதைக் கூசாமல் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தெருவில் சிலர் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே முடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. பெயர் சொல்ல வேண்டாம்.

வடிவிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. எந்திரம் எழுதியதை முதலில் பார்க்கவே மாட்டாள். எழுத்தைப் பார்த்துவிட்டால் காது அதற்கு அடிமை; திரையில் இருப்பதையே கேட்டுவிட்டு வந்து ஆமாம் என்று சாட்சி சொல்லும். அதனால் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை முழுக்கக் கேட்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. சந்தேகப்பட்ட இடத்தை மட்டும், சற்று முன்னாலிருந்து, வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை. அப்போதும் பிடிபடாவிட்டால் ஒரு கோடு போட்டு, இடத்தைக் குறித்து, காலியாக விட்டுவிட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கோடு போட வெட்கமாக இருக்கும். எதையாவது எழுதி நிரப்பிவிடுவார்கள். வடிவு வெட்கப்பட்டதில்லை.

அந்த அலுவலகத்தில் எழுத்து இரண்டு ஜாதி. ஒன்று சலவைப் படி. பேசுகிறவர் இழுப்பது, திக்குவது, சொன்னதையே சொல்வது, தொடங்கிவிட்டுப் பாதியில் விடுவது, நடுவில் ஏசுவது எல்லாவற்றையும் துவைத்து எடுத்துவிட்டு, சொல்ல வந்ததை மட்டும் சுத்தமாக மடித்துக் கொடுப்பது. டாக்டர்களுக்கும் கம்பெனிகளுக்கும் அதுதான் பிடிக்கும். இன்னொன்று அழுக்குப் படி. விக்கல் முதல் விம்மல் வரை அப்படியே எழுதுவது. அது கோர்ட்டுக்கு. புது ஃபைல் வந்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சலவையா, அழுக்கா?" என்பதுதான். வடிவு சலவைக்காரி. அவள் துவைத்துக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட உளறுவாயும் மேடைப் பேச்சாளர் மாதிரி இருப்பார்.

அந்தக் கையால்தான் ஒரு மாதம் போலப் புருஷனின் முனகலைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். ரிஸ்வான் அசந்துபோனான். "இப்படி ஒரு எழுத்த நான் பாத்ததில்லக்கா. எவ்வளவு சுத்தம்." பெட்டி ஒரே வாரத்தில் பேசப் பிடித்துக்கொண்டது.

பிறகு அந்த வீட்டில் நடந்ததை வடிவு யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் தெருவுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்ததும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதைகளைச் சொன்னாள். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் வீட்டுக்கு வர மனமில்லாமல் தெருமுனையில் நின்று நின்று வருவாள். இப்போது பூ வாங்கிக்கொண்டு வந்தாள். "அப்படியா? பெறகு என்ன ஆச்சு?" என்று பெட்டி கேட்கும். அவள் சிரிப்பது மதில் தாண்டிக் கேட்கும். நரம்பு அடிக்கடி துடித்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தடவிக்கொடுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ரிஸ்வானிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பாக்கணுங்காங்க. அன்னைக்கோட பேச்சுப் பயிற்சிய முடிச்சிரலாம்னு ஒரு யோசனை. பெட்டிதான் இவ்வளவு நல்லாப் பேசுதே. அந்த எடத்துக்குக் காத்துக்கிட்டு நெறைய பேர் இருக்காங்க."

"மொத வருசத்துல விட்டா நாக்கு திரும்பாதுன்னு சொன்னீகளே."

"ஆமாக்கா, விட்டா அதோட சரிதான். ஆனா அண்ணாச்சியே போதும்னு சொல்லிட்டாங்க. போன தடவ பயிற்சி குடுக்குற டீச்சரம்மா கேட்டதுக்கு, 'எனக்கு இதுவே போதும், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்'னாங்க."

வடிவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வாராவாரம் ஆட்டோ பிடித்து, ஆளை ஏற்றி இறக்கி, அந்தப் பயிற்சி அறையில் அவர் வியர்த்து வழிந்து ஒரு 'க'னாவுக்கும் 'ப'னாவுக்கும் போராடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. போனை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதாம் அத்தான்" என்றாள். அவருக்கு அவள் சொந்த மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அத்தான்தான்.

"நல்லது வடிவு" என்றது பெட்டி. கை கைப்பிடியை அடித்தது. ஒருமுறை அடித்து ஓய்கிற கை, அன்று அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஜெனிட்டா அவளைக் கூப்பிட்டாள். ஜெனிட்டா அந்தப் பிரிவுக்கு மேற்பார்வை. வடிவைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனால் காது கூர்மை.

"அக்கா, இந்தக் கோர்ட் ஃபைல் நீங்க முடிச்சதுதான?"

ஆள் பற்றாக்குறையால் அந்த வாரம்தான் வடிவுக்கு முதல்முதலாகக் கோர்ட் வேலை வந்திருந்தது. "ஆமா. என்ன, தப்பா?"

"வார்த்தையில ஒரு தப்பு கெடையாது. ஆனா சாட்சிய காணோம்."

"என்னட்டி சொல்லுத?"

"இத மாட்டிக்கிட்டுக் கேளுங்க."

ஹெட்போனில் ஒரு பெண் குரல் வந்தது. 'நான் பாத்தேன்... இல்ல, அவரு... நான் வந்து... நான் பாக்கல, அவரு சொன்னாரு... நான்...' இந்த இடத்தில் ஒரு விம்மல். 'நான் பாத்தேன்.'

திரையில் வடிவு எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: நான் பார்த்தேன்.

"இது அழுக்குப் படிக்கா. நீங்க வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுட்டீங்க. ஜட்ஜு இதப் படிச்சா அந்தம்மாவ அசையாத சாட்சின்னுல்லா நெனப்பாரு."

"நான் வேணும்னு செய்யல ஜெனிட்டா."

"அது எனக்குத் தெரியாதாக்கா. கை பழகிப்போச்சு. இன்னொருக்கா கேட்டு எழுதுங்க, போதும்." ஜெனிட்டா அதை அதோடு விட்டுவிட்டாள்.

வடிவால் விட முடியவில்லை. காது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. கை அவளைக் கேட்காமலே துவைத்திருக்கிறது. கோர்ட் ஃபைலில் செய்த கை வேறு எங்கே என்ன செய்திருக்கும் என்று நினைத்ததும் அவளுக்கு வீட்டுப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல், பெட்டிக்காகப் பதிவு செய்து போனில் கிடந்த புருஷனின் முனகல்களை எடுத்தாள். தான் எழுதியதைப் பார்க்காமல் முழுக்கக் கேட்டாள். பிறகு எழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஓரிடத்தில் 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பதிவில் இருந்தது இது: 'ஏட்டி... ஏட்டி... சவத்து... நான்... எனக்கு... எனக்கு... நான்... தண்ணி.'

கூப்பிட்டதைச் சலவையில் எடுத்தாயிற்று. வசவையும் எடுத்தாயிற்று. திக்கல் தேவையில்லை. தொடங்கிவிட்டுப் பாதியில் விட்ட வாக்கியம் தேவையே இல்லை. மிச்சம் இருந்தது தண்ணீர். ஆனால் அந்த மனிதர் தண்ணீர் கேட்க அவளைக் கூப்பிடவில்லை. வேறு எதையோ சொல்லக் கூப்பிட்டு, அது வாய்க்கு வராமல், வந்ததைக் கேட்டுவிட்டு ஓய்ந்திருக்கிறார். பதிவுக்குப் பதிவு அப்படித்தான் இருந்தது. லேசாகச் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். கஷ்டமானது எல்லாம் தொடங்கித் தொடங்கி நின்றிருந்தது. நின்றதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் துவைத்துவிட்டிருந்தாள். பெட்டியும் அதைத்தான் படித்திருக்கிறது: இந்த ஆள் தடுமாறினால் அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை, நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொன்றும் இருந்தது. நாலைந்து இடங்களில் ஒலி எப்படியும் இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. கோடு போட்டிருக்க வேண்டிய இடங்கள். அங்கெல்லாம் வடிவு கோடு போடவில்லை. இரண்டில் எது இனிப்பாக இருந்ததோ அதை எழுதியிருந்தாள். 'நீ சாப்பிட்டியா' அப்படி வந்ததுதான்.

அவளை ரொம்பக் குற்றம் சொல்லிவிட முடியாது. அத்தனை வருடம் ஏச்சு வாங்கிய ஒருத்தியின் காது, வாய்ப்புக் கிடைத்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தையைக் கேட்டுவைத்தது. அவ்வளவுதான்.

அன்று சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. அடுக்களையில் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். பெட்டியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற ஆள் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள் போய்விட்டார் என்றுதான் இத்தனை மாதம் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? டாக்டர், ரிஸ்வான், தெரு எல்லோருக்கும் திருப்தி. திருப்தி இல்லாத ஒருத்தரால் அதைச் சொல்ல முடியாது.

"வடிவு, அங்க என்ன இவ்வளவு நேரம்? களைப்பா இருந்தா படுத்துக்க" என்றது கூடத்திலிருந்து அந்தக் குரல். கூடவே தட், தட் என்று கைப்பிடி.

வடிவு போய், தாடைக்குக் கீழே இருந்த வில்லையை உரித்தெடுத்தாள். பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க அத்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தொடங்கினார். முதலில் வந்தது என்ன என்று அவளுக்கு இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. சவத்து மூதிதான். எழுத்தெழுத்தாக, எச்சில் வழிய, மூச்சு வாங்க வந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த வடிவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது.

"அது சரி. அடுத்தது?"

அடுத்தது வர வெகுநேரம் ஆனது. "அவ... அவன்... அவன்கி..."

அவன்கூட, அவன்கிட்ட, அவனுக்கு என்று வரிசையாக வடிவின் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அவன்கிட்ட... சிரிக்க."

"யாருகிட்ட அத்தான்?"

இடது கை மெதுவாக எழுந்து மேசையைக் காட்டியது. மேசைமேல் பெட்டி இருந்தது.

"நீ... அவன்... கிட்ட... சிரிக்க. என்... என்கி..." அதற்கு மேல் போகவில்லை. மறுபடி தொடங்கினார். "என்கிட்ட... சிரிச்ச... தில்ல."

வடிவு அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அவன் என்னைய ஏசல அத்தான்."

இசக்கிராஜன் வாயைத் திறந்தார். "நான்..." என்றார். "வடிவு... நான்..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. தொடங்கித் தொடங்கி நின்று, கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அது மன்னிப்பாக இருக்கலாம். 'நான் அப்படித்தான்' என்கிற வீம்பாகவும் இருக்கலாம். முதலாவதுதான் என்று எழுதிக்கொள்ள வடிவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கோடு போட்டு, காலியாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுவாழ்வு மையத்தின் கூடத்தில் நல்ல கூட்டம். வடிவு அவரைத் தள்ளுநாற்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெட்டி அவள் பையில் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் நெஞ்சில் ஒரு பெட்டி, தூண் ஓரத்தில் ஒரு நடுவயதுப் பெண்ணின் நெஞ்சில் ஒரு பெட்டி.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றது பெரியவரின் பெட்டி, அவருடைய மகளிடம். மகள் நெகிழ்ந்துபோய் அப்பாவின் தலையைக் கோதினாள்.

கொஞ்ச நேரத்தில் தூண் ஓரத்துப் பெட்டி வேறு ஒரு குரலில், பெண் குரலில், பக்கத்தில் இருந்த புருஷனிடம் பேசியது. "சாப்பாடு நல்லா இருந்துச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

வடிவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல் அடுக்கும் விதம், நிறுத்துகிற இடம், எல்லாம் அவளுடையது. அந்த வழியாக வந்த ரிஸ்வானைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா, உங்க எழுத்துதான்" என்றான் அவன், பரிசு கொடுக்கிற முகத்தோடு. "அவ்வளவு சுத்தமா இருந்துச்சுல்லா. அண்ணாச்சிக்குப் பெட்டி குடுத்தப்ப பதிவுகளப் பயன்படுத்திக்கிடலாம்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. இப்ப மாவட்டம் பூரா வர்ற பெட்டிக்கு அதத்தான் அஸ்திவாரமா வச்சிருக்கோம். வீட்டுக்காரங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். ஒரு புகார் கெடையாது."

"பேசுதவுகளக் கேட்டீகளா?"

"கேட்டோமே. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாங்க."

"பெட்டியில."

ரிஸ்வான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். தூண் ஓரத்துப் பெண்ணின் கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. புருஷன், "நரம்பு" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே டாக்டரம்மா அன்பான மனுஷி. எதிரே மேசையில் ஒரு பலகைத் திரை, அறையில் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதிக்கொள்ளும். பெட்டி எங்கே என்று கேட்டார். இன்று வேண்டாம் என்றாள் வடிவு.

"சரி. ஐயா, பயிற்சிய இன்னையோட முடிச்சிக்கலாமா? இல்ல, தொடர்ந்து செய்யணுமா?"

இசக்கிராஜன் வாயைக் கோணினார். "வே... வேண்..." நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "வேண்டாம்."

திரையில் வரி ஓடியது: பயிற்சியைத் தொடர விரும்பவில்லை.

"வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்களேம்மா" என்றார் டாக்டர். குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"அவுக இன்னும் முடிக்கல டாக்டர்."

கதவுக்கு வெளியே அடுத்த ஆள் இருமினார். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். ரிஸ்வான் சுவரோடு ஒட்டி நின்றான். வடிவு புருஷனைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தால் ஊகிக்கத் தோன்றிவிடும்.

"வேண்டாம்... பெ... பெட்டி." பெரிய மூச்சு. "பழ... பழகு... பழகுதேன்."

திரையில் அந்த வரி அழிந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றது.

"பழகுறேன்னுதான சொல்றாங்க?" டாக்டர் வடிவைக் கேட்டார்.

"அவுககிட்டயே கேளுங்க டாக்டர்."

கேட்டார். இரண்டாவது தடவையும் அதேதான் வந்தது, இன்னும் கொஞ்சம் சத்தமாக. ரிஸ்வான் குனிந்து எதையோ துடைத்தான். கண்ணாடியாக இருக்கலாம்.

வெளியே வந்ததும் வடிவு அவனிடம் சொன்னாள். "அந்த அஸ்திவாரத்த எடுத்துருங்க தம்பி. நான் மறுபடி எழுதித் தாறேன். அழுக்கா எழுதுதேன். நின்ன எடத்துல நின்னதுன்னு எழுதுதேன், தெரியாத எடத்த தெரியலைன்னு விடுதேன். பெட்டியும் அங்க அங்க நிக்கட்டும்."

"மேல கேக்கணும்க்கா. வீடுகள்ல ஒத்துக்கிட மாட்டாங்க. இனிப்புச் சாப்பிட்டுப் பழகிட்டாங்க."

மேலே கேட்டு, அனுமதி வந்து, வடிவு எழுதிக் கொடுத்து, பெட்டிகள் மாற வெகுநாள் பிடித்தது. ரிஸ்வான் சொன்னது பலித்தது. பெட்டி பழுதாகிவிட்டது, பாதிப் பாதியில் நிற்கிறது, எங்கள் அப்பா இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை என்று வரிசையாகப் புகார் வந்தது. சில வீடுகளில் பழைய பெட்டியே வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கிக்கொண்டு போனார்கள். தூண் ஓரத்துப் பெண்ணின் புருஷன் மட்டும் ஒருநாள் தனியாக வந்து, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எப்படிக் கேட்பது என ரிஸ்வானிடம் கேட்டாராம். அவன் வடிவின் நம்பரைக் கொடுத்தான்.

தெருவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது, மதில் தாண்டிக் காதில் விழுந்தது மட்டும். விழுந்தது வடிவின் குரல். "அதெல்லாம் முடியாது" என்றது ஒருநாள். "நீங்க மட்டும் என்ன யோக்கியம்" என்றது இன்னொரு நாள். "யாரப் பாத்து மூதிங்கிறீங்க, கண்ணாடியில போய்ப் பாருங்க" என்ற அன்று பொன்ராணி அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டாள்.

"அந்த மனுசன வாயத் தொறக்க விட மாட்டேங்கா" என்று அவள் பால் கடையில் சொன்னாள். "இவ ஒரு சத்தம் போடுதா. பெறகு பாத்தா வீடே அமைதியாயிருது. அவரு அப்படியே அடங்கிப் போயிருதாரு, பாவம். பெட்டி இருந்த வரைக்கும் எப்படி வாழ்ந்த மனுசன்." எல்லோரும் ஆமாம் என்றார்கள். புதுத் தீர்ப்பு அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

வடிவு சத்தம் போட்டு ஓய்ந்ததும் அந்த வீட்டிலிருந்து நெடுநேரம் மதில் தாண்டி ஒரு ஒலியும் வராது என்பது உண்மைதான். அந்த நேரத்தில்தான் அவர் பேசிக்கொண்டிருப்பார். எதிரே ஸ்டூலில் அவள், அடுத்த சொல்லைத் தானாக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.